அகதிகள், மீள்திறன், அமைதி: மானுடவியல் ஆய்வுப் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானுடவியலில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர்கள், சமூகப்பணியிலோ உளவியலிலோ இருந்துகொண்டு அகதிகள் ஆய்வுப் பக்கம் வர விரும்புபவர்கள், பிள்ளை இந்தப் படிப்பை எடுக்கிறேன் என்கிறதே என்று கவலைப்படும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றை அப்படி முடித்துவிட முடியாது.

அகதிகளைப் பற்றி ஆராய மானுடவியல் எதற்கு? சட்டம் படித்தால் போதாதா?

யார் அகதி என்பதைச் சட்டம் சொல்லும். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி என்கிறது ஐ.நா.வின் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. அது முதலில் 1951-க்கு முன் நடந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. 1967-இல் வந்த நெறிமுறை ஒப்பந்தம்தான் அந்தக் காலவரம்பை நீக்கியது. எல்லையைத் தாண்டாதவர் இன்றைக்கும் இந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024 இறுதியில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்த 12.32 கோடிப் பேரில் 7.35 கோடிப் பேர் தங்கள் நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

ஓடிவந்த பிறகு ஒரு குடும்பம் யாரை நம்புகிறது, யாரிடம் கைமாற்று வாங்குகிறது, பெண்ணை எங்கே கட்டிக்கொடுக்கிறது, விட்டுவந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறது? இதற்கெல்லாம் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மானுடவியலாளர் லீசா மால்க்கியின் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 1972-இல் புருண்டியில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பித் தான்சானியாவுக்கு ஓடிய ஹூட்டு மக்களிடையே அவர் 1980-களின் நடுவில் களப்பணி செய்தார். மிஷாமோ முகாமில் இருந்தவர்களையும் கிகோமா நகரத்தில் மற்றவர்களோடு கலந்து வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரு தரப்பும் ஒரே மக்கள், ஒரே கொடுமைக்குத் தப்பியவர்கள். முகாமில் இருந்தவர்கள் தங்களை நாட்டை இழந்து நிற்கும் ஒரு தேசமாகவே பார்த்தார்கள். தங்கள் வரலாற்றை ஒரு புராணம்போலச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நகரத்தில் இருந்தவர்களோ அகதி என்ற பெயரை வெளியில் காட்டிக்கொள்ளாமல், சூழலுக்குத் தக்கபடி பல அடையாளங்களோடு வாழ்ந்தார்கள். எங்கே தங்கவைக்கப்படுகிறார் என்பது, ஒருவர் தன்னை யாராக நினைக்கிறார் என்பதையே மாற்றிவிடுகிறது. ஒரு வாரத்தில் கேள்வித்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இது கண்ணில் படாது.

இந்தத் துறை எப்படித் தொடங்கியது?

ஒரே தொடக்கம் என்று எதையும் காட்ட முடியாது. மானுடவியலாளர்கள் எலிசபெத் கால்சனும் தேயர் ஸ்கடரும் 1956-இல், ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் கரிபா அணையின் நீர் ஏறுவதற்கு முன்பே, க்வெம்பே தோங்கா மக்களிடம் போனார்கள். அணைக்காக சுமார் 57,000 பேர் தங்கள் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். சட்டப்படி அவர்கள் அகதிகள் இல்லை. ஆனாலும் வாழ்ந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட மக்களுக்கு அடுத்த பத்தாண்டில், அடுத்த தலைமுறையில் என்ன ஆகிறது என்பதை உலகுக்கு முதலில் விரிவாகச் சொன்ன ஆய்வுகளில் அது ஒன்று. கால்சன் அந்த மக்களை விட்டுப் போகவேயில்லை. 2016-இல், தமது 99-ஆம் வயதில், ஜாம்பியாவில்தான் காலமானார்.

அகதிகள் ஆய்வைப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு தனிப் புலமாக நிறுத்தியவர் பார்பரா ஹாரெல்-பாண்ட். 1982-இல் ஆக்ஸ்போர்டில் அதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். தெற்கு சூடானில் இருந்த உகாண்டா அகதிகளிடையே அவர் செய்த ஆய்வு 1986-இல் நூலாக வந்தது. உதவி என்ற பெயரில் அமைப்புகள் தாமே முடிவெடுத்து மக்கள் தலையில் திணிப்பதையும், முகாமுக்கு வெளியே தாமாகவே குடியேறிப் பிழைத்துக்கொண்டவர்கள் யார் கண்ணுக்கும் படாமல் போவதையும் அவர் நேருக்கு நேர் எழுதினார். உதவி நிறுவனங்கள் அதை ரசிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு கம்பாலாவிலும் கெய்ரோவிலும் அகதிகள் ஆய்வையும் அகதிகளுக்கான சட்ட உதவியையும் வளர்த்தார். படிப்பும் பாடுபடுவதும் இரண்டு வேலைகள் அல்ல என்று வாழ்ந்து காட்டியவர் அவர். என் மனதில் இந்தத் துறையின் முகம் அவருடையதுதான்.

இளங்கலையில் மானுடவியல் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. சமூகவியல், வரலாறு, மொழியியல், செவிலியர் படிப்பு, சட்டம் என எங்கிருந்தும் வருகிறார்கள். முதுகலையிலாவது மானுடவியலின் கோட்பாடுகளையும் களப்பணி முறைகளையும் ஒழுங்காகப் படித்துவிடுங்கள். பின்னால் அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

பிரிட்டனில் மூன்றிலிருந்து நான்கு ஆண்டு. அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டு பாடங்களும் தகுதித் தேர்வும் இருப்பதால் ஆறு, ஏழு என்று நீளும். இரண்டிலும் களப்பணி மட்டும் வழக்கமாக ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. அதற்குள் ஒரு முழு ஆண்டு வட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது பழைய நியதி. மழைக்காலத்தில் முகாம் வேறு, பள்ளி திறக்கும் மாதத்தில் முகாம் வேறு, நிவாரணம் குறைக்கப்பட்ட மாதத்தில் அது முற்றிலும் வேறு.

அகதிகள் விஷயத்தில் கூடுதலாக ஒன்றையும் கணக்கில் வையுங்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் உங்கள் கையில் இல்லை. சண்டை மீண்டும் மூண்டால், எல்லை மூடப்பட்டால், நீங்கள் எழுதிய திட்டம் ஒரே நாளில் காகிதமாகிவிடும். முதல் திட்டத்தோடு இரண்டாவது இடத்தையும் யோசித்து வைத்திருக்கும் மாணவரைத்தான் நல்ல நெறியாளர் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்) களத்துக்கு அனுப்புவார்.

முகாமுக்குள் எப்படிப் போவது?

பெரும்பாலான நாடுகளில் அனுமதி தருவது அந்நாட்டு அரசுதான், ஐ.நா. அல்ல. ஆய்வு அனுமதி ஒன்று, முகாமுக்குள் நுழையும் அனுமதி இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு மேசைகளில் கிடக்கும். தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து போனால் வழி சீக்கிரம் திறக்கும். ஆனால் அந்த நிறுவனத்தின் வண்டியில் போய் இறங்கிய நாளிலிருந்து மக்கள் உங்களை அந்த நிறுவனத்தின் ஆளாகத்தான் பார்ப்பார்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கக்கூடியவர் என்று நினைத்துப் பேசுவார்கள். அந்த எண்ணத்தை அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

முகாம்தான் களம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். உலகத்தில் அகதிகளில் பெரும்பாலானோர் முகாமுக்கு வெளியே, நகரங்களிலும் சிற்றூர்களிலும் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். தேடிப் போவது கடினம் என்பதால் அவர்களைப் பற்றிய ஆய்வு குறைவு. எனக்குத் தெரிந்து இந்தத் துறைக்கு இன்று அதிகம் தேவைப்படுவது அங்கே போகிறவர்கள்தான்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா? மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டால்?

ஆரம்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். போர் நடந்த சமூகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்பவர் வெறும் குழாய் அல்ல. அவர் எந்தக் குடும்பம், எந்த ஊர், சண்டையில் அவருடைய அண்ணன் எந்தப் பக்கம் நின்றான் என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அதற்குத் தக்கபடிதான் அவர் வாய் திறப்பார். பெண்கள் பேச வேண்டிய பல விஷயங்கள் ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் வரவே வராது.

முழுத் தேர்ச்சி வராவிட்டாலும், சந்தையில் பேரம் பேசவும், துக்க வீட்டில் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லவும் தெரிந்துகொண்டு போங்கள். பேட்டியை விட, பக்கத்தில் இரண்டு பேர் தமக்குள் பேசிக்கொள்வதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் நெறிமுறை முடிந்ததா?

இல்லை. அங்கேதான் தொடங்குகிறது.

பல்கலைக்கழக நெறிக்குழு ஒரு படிவம் தரும்: ஆய்வின் நோக்கம், பங்கேற்பவரின் உரிமை, விலகிக்கொள்ளும் சுதந்திரம், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதை ஒரு அகதி முன் நீட்டும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அவர் முதலில் பார்ப்பது மேலே இருக்கும் முத்திரையை. முத்திரை போட்ட எந்தத் தாளும் அவர் வாழ்க்கையில் சும்மா வந்ததில்லை. பதிவு அட்டை, ரேஷன் அட்டை, வேறு நாட்டில் குடியேற்றக் கோரும் விண்ணப்பம், மறுப்புக் கடிதம் என்று ஒவ்வொன்றும் அவர் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் கனடாவுக்கு அனுப்புவார்களா? போடாவிட்டால் அடுத்த மாத அரிசி நிற்குமா? "உங்கள் விருப்பம்தான்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அதனால்தான் பல நெறிக்குழுக்கள் இன்று வாய்மொழி ஒப்புதலை ஏற்றுக்கொள்கின்றன. சரியாகச் செய்பவர்கள் ஒரே தடவை கேட்டுவிட்டு விடுவதில்லை. இரண்டாம் சந்திப்பில் கேட்கிறார்கள். அழுத பிறகு கேட்கிறார்கள். எழுதி முடித்த பகுதியைப் படித்துக் காட்டி, "இதைப் போடலாமா?" என்றும் கேட்கிறார்கள். போட வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உண்மையிலேயே வழி இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

குடும்பத்தில் எத்தனை பேர் என்ற எளிய கேள்விகூட இங்கே எளியதல்ல. ரேஷன் அட்டையில் உள்ள எண்தான் பதிலாக வரும். இறந்துபோனவர் பெயர் அதில் இருக்கலாம், நகரத்துக்கு வேலைக்குப் போன மகன் பெயரும் இருக்கலாம். அதைப் பொய் என்று நோட்டில் எழுதுகிறவருக்கு, அந்த அட்டையை நம்பி ஒரு குடும்பம் மாதத்தை ஓட்டுகிறது என்பது இன்னும் புரியவில்லை.

பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

அவருடைய நேரத்துக்கும் பயணத்துக்கும் ஈடு கொடுப்பது நியாயம். கதைக்கு விலை வைப்பது ஆபத்து. வேதனை கூடக் கூடப் பணம் கூடும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அது அவருக்கும் கேடு, அடுத்து வரும் ஆய்வாளருக்கும் கேடு. அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அமைப்புகள் எவ்வளவு தருகின்றன என்று கேட்டு, அதை ஒட்டியே எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுங்கள்.

மீள்திறன் என்று எதைச் சொல்கிறார்கள்? அது ஏழைகளைக் கைவிடுவதற்கு ஒரு நாகரிகமான சாக்கு இல்லையா?

பெரும் துன்பத்துக்குப் பிறகும் உடைந்துபோகாமல் மீண்டு எழும் திறனைத்தான் மீள்திறன் என்கிறார்கள். கேள்வியின் இரண்டாம் பாதியில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன், இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ ஆசிரியரோ யாரோ ஒருவர் அவர்களுக்குத் துணையாக இருந்தது முக்கியமான காரணங்களில் ஒன்று. சூழலியலில் சி. எஸ். ஹோலிங் 1973-இல் இதே சொல்லை வேறு பொருளில் பயன்படுத்தினார்: அதிர்ச்சி வந்த பிறகும் காடோ ஏரியோ தன் இயல்பை இழக்காமல் தாங்கும் அளவு. இந்த இரண்டு வழிகளிலும் வந்த கருத்து, பிறகு உதவி நிறுவனங்களின் அறிக்கைகளில் புகுந்து ஒரு மந்திரமாகிவிட்டது.

மானுடவியல் இதில் என்ன செய்தது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் பான்டர்-பிரிக் செய்த வேலைகளைப் பாருங்கள். மார்க் எகர்மனோடு சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பள்ளிகள் வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட 11–16 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெரியவர்களையும் சந்தித்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில் தெரியவந்தது என்ன? பிள்ளைகளின் மனநலத்தைப் பாதிப்பது குண்டும் துப்பாக்கியும் மட்டுமல்ல. வீட்டுக்குள் அடி, தெருவில் வன்முறை, தீராத பணக் கஷ்டம் ஆகியவையும் போருக்குச் சமமாக அவர்களை அரிக்கின்றன. போரை மட்டும் கேட்டு வந்தவர்களுக்கு இது எதிர்பாராத பதில்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது அவர்களுடைய அடுத்த அவதானிப்பு. நம்பிக்கை, குடும்ப ஒற்றுமை, மானம், உழைப்பு போன்ற விழுமியங்கள்தான் அந்தக் குடும்பங்களை உடையாமல் பிடித்து நிறுத்துகின்றன. அதே மானம்தான் கடனில் மாட்டிய குடும்பத்தை மூச்சு முட்ட வைக்கிறது, மகளை அவசரமாகக் கட்டிக்கொடுக்கவும் தூண்டுகிறது. தாங்கிப் பிடிக்கும் கையே இறுக்கியும் பிடிக்கிறது. மீள்திறனை ஒருவருடைய மனத்துணிவாக மட்டும் பார்த்தால் இந்த இரண்டாம் பக்கம் தெரியாமலே போய்விடும். ஒருவருக்கு எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன, அவற்றை எடுக்க விடுகிறார்களா, எடுத்ததற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இவர்கள் தாங்கிக்கொள்வார்கள், மீள்திறன் உள்ளவர்கள்" என்று எழுதி நிவாரணத்தைக் குறைப்பது அநியாயம், ஆய்வாளர் அதற்குத் துணைபோகக் கூடாது. மறுபுறம், வெறும் காயங்களின் பட்டியலாக மட்டும் ஒரு மக்களை எழுதுவதும் அநியாயம். சாமானை இழந்து, உறவை இழந்து வந்து, மூன்றாம் மாதமே குழந்தைகளுக்கு மரத்தடியில் பாடம் தொடங்கியவரை வெறும் பாதிக்கப்பட்டவர் என்று எழுதினால், பாதி உண்மைதான் எழுதியிருக்கிறீர்கள்.

மானுடவியலாளர் தலைமுடியைச் சேகரிப்பதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு?

மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் என்ற ஹார்மோன் முடியில் படிகிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், வேரை ஒட்டிய ஒரு செ.மீ. துண்டு ஏறக்குறைய கடைசி ஒரு மாதத்தின் பதிவு. பின்னந்தலையின் மேற்பகுதியில், தோலை ஒட்டி, ஒரு மெல்லிய கற்றையைக் கத்தரித்து, வேர்ப்பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் சுற்றி வைப்பார்கள். ரத்தம்போல உடனே குளிரூட்ட வேண்டியதில்லை. முகாம் சூழலுக்கு இது பெரிய வசதி. ஆனால் முக்காடு அணியும் பெண் பிள்ளையிடம் முடி கேட்பது லேசான விஷயமல்ல. யார் வெட்டுவது, எங்கே உட்காரவைத்து, மிச்சத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் தாய்மார்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

ஜோர்டானில் சிரிய அகதிப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து எட்டு வார உளசமூகத் திட்டம் ஒன்றை மதிப்பிட்டபோது, பான்டர்-பிரிக்கும் ஜோர்டானிய உயிரியலாளர் ராணா தஜானியும் அவர்கள் குழுவும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு முதலில் திட்டம் கிடைத்தது. பாதுகாப்பின்மை உணர்வும் மன உளைச்சலும் குறைந்தன, கார்டிசால் அளவும் இறங்கியது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய எதிர்வினைகளில் மாற்றம் தெரியவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த நேர்மையால்தான் மற்ற எண்களையும் நான் நம்புகிறேன்.

எல்லோரும் கத்தரிக்கோலோடு போக வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகமும் பொறுமையும் மட்டும் கொண்டு செய்த ஆய்வுகள்தான் இத்துறையில் பெரும்பான்மை.

அமைதியை எப்படி ஆராய்வது? அது வெறும் ஆசைதானே?

யோஹான் கால்டுங் 1959-இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். சண்டை நின்றிருப்பதை எதிர்மறை அமைதி என்றும், அநீதியான அமைப்புகள் மாறி மக்கள் இணைந்து வாழும் நிலையை நேர்மறை அமைதி என்றும் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவதை ஒப்பந்தத் தேதியை வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் காண ஊருக்குள் போக வேண்டும்.

தென்னமெரிக்காவின் பெருவில் 1980-இலிருந்து இருபது ஆண்டு நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 69,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003-இல் மதிப்பிட்டது. பலியானவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்தப் போரின் நடு மையமான அயாகுச்சோ மலைக் கிராமங்களில் மானுடவியலாளர் கிம்பர்லி தைடன் நீண்டகாலம் ஆய்வு செய்தார். அங்கே கொன்றவரும் கொல்லப்பட்டவரின் மனைவியும் ஒரே ஊர்க்காரர்கள். தலைநகரில் ஆணையம் அமைவதற்கு முன்பே பல ஊர்கள் தங்கள் வழியில் நீதி செய்திருந்தன. திரும்பி வந்தவரை ஊர் முன் நிறுத்தி, ஒப்புக்கொள்ளச் செய்து, தண்டித்து, பிறகு சேர்த்துக்கொண்டன. அது முழுமையான நீதியா? எல்லோருக்கும் இல்லை. பெண்கள் பட்டதில் பெரும்பகுதி அந்தக் கூட்டங்களில் பேசப்படவே இல்லை. இப்படி எது சேர்ந்தது, எது சேராமல் விடப்பட்டது என்று இரண்டையும் பார்ப்பதுதான் அமைதி பற்றிய மானுடவியல்.

உடல்சார் மானுடவியலாளர்களுக்கும் இதில் பங்குண்டு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி முடிந்தபின், 1984-இல், அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோவிடம் பயிற்சி பெற்ற இளைஞர்கள் உருவாக்கிய தடயவியல் குழு, புதைகுழிகளிலிருந்து எலும்புகளை எடுத்து அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்தது. பிறகு பல நாடுகளுக்கும் போய் அதே வேலையைச் செய்தது.

ராணுவமோ உளவுத்துறையோ பணம் தந்தால்?

வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கிளர்ச்சிகளை முன்கூட்டியே கணிக்க அமெரிக்க ராணுவம் 1964-இல் கேமலாட் திட்டத்தைத் தொடங்கியது. சிலியில் விஷயம் வெளியாகிப் பெரும் எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே கைவிட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைப்பிரிவுகளோடு சமூக அறிவியலாளர்களை அனுப்பிய திட்டத்தை 2007-இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் செயற்குழு வெளிப்படையாக எதிர்த்தது. துப்பாக்கியோடு வந்து கேட்கும் கேள்விக்கு மறுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. நீங்கள் ஒருவர் அப்படிப் போனால், பிறகு வரும் ஒவ்வொரு ஆய்வாளரையும் மக்கள் ஒற்றன் என்றே நினைப்பார்கள்.

என் களக்குறிப்புகளை நீதிமன்றம் கேட்டால்?

கேட்கலாம், கேட்டும் இருக்கிறது. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் பதிவுசெய்த வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள், அவர்கள் இறக்கும்வரை வெளிவராது என்ற வாக்குறுதியோடு அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. 2011-இல் பிரிட்டிஷ் தரப்பின் வேண்டுகோளின் பேரில் அவற்றைக் கேட்டு ஆணை வந்தது. வழக்குக்குப் பிறகு ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. எனவே உங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். உண்மைப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதவே எழுதாதீர்கள். பெயரை மாற்றிவிட்டு, "அந்த முகாமின் ஒரே பல் மருத்துவர்" என்று எழுதினாலும் காட்டிக்கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

புகலிட வழக்குகளில் நிபுணர் அறிக்கை தரலாமா?

தரலாம். தகுதி இருந்தால் தர வேண்டும் என்றே சொல்வேன். எடின்பரோ பல்கலைக்கழக மானுடவியலாளர் ஆந்தனி குட் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆய்வு செய்தவர். பிரிட்டனில் இலங்கைத் தமிழர்களின் புகலிட மேல்முறையீடுகள் பலவற்றில் நிபுணராக இருந்தவர். மானுடவியலாளர் சொல்லும் உண்மையும் நீதிபதி எதிர்பார்க்கும் உண்மையும் எங்கே உரசுகின்றன என்பதையும் ஆராய்ந்து எழுதினார். அறிக்கை எழுதும்போது உங்கள் கடமை நீதிமன்றத்துக்கு, விண்ணப்பதாரருக்கு அல்ல. கூட்டிச் சொன்னால் அது அடுத்த விண்ணப்பதாரரின் வழக்கையும் பலவீனமாக்கும்.

அகதியாக இருந்தவரோ, அதே சமூகத்தவரோ இந்த ஆய்வைச் செய்யலாமா? பக்கச்சார்பு வராதா?

வெளியாளுக்கும் பக்கச்சார்பு உண்டு. அது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வேலன்டைன் டேனியல், ஈழப் போரின் வன்முறையைத் தமிழர்கள் எப்படிச் சொல்கிறார்கள், எங்கே சொல்ல முடியாமல் நிற்கிறார்கள் என்று எழுதியது இன்றும் பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள ஷாரிகா திராணகம தமிழர்களோடு மட்டும் நிற்கவில்லை. 1990-இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்களிடமும் போனார். தன் பக்கம் செய்ததைக் கேட்கப் போவதற்கு நெஞ்சுரம் வேண்டும். சொந்தச் சமூகத்தில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அப்படிப்பட்ட வேலையைத்தான்.

முகாமில் இருக்கும் இளைஞர்களை உதவியாளராக வைத்துத் தகவல் சேகரித்துவிட்டு, கட்டுரையில் நன்றி என்று ஒரு வரியோடு முடிப்பது இன்னும் நடக்கிறது. யோசனையில் பங்கு இருந்தால் பெயரிலும் பங்கு இருக்க வேண்டும்.

இவ்வளவு துயரத்தைக் கேட்டுக் கேட்டு மனம் என்ன ஆகும்?

பாதிக்கப்படும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வீட்டில் யாருடைய சின்னக் கவலையும் அற்பமாகத் தோன்றும். இது பலவீனம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேட்டிக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே வரையறை வையுங்கள். களத்தில் இருக்கும்போதே மாதம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேச, நெறியாளர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும். ஆய்வு நிதி விண்ணப்பத்திலேயே உளவள ஆலோசனைக்கு ஒரு தொகை கேளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்தே கேளுங்கள்; அவர் அதே கதையை இரண்டு மொழியில் கேட்கிறார், வீட்டுக்குப் போனாலும் அதே முகாமில்தான் இருக்கிறார்.

படிப்பு முடிந்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோருக்கும் சேர்த்து உண்மையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு முறையாவது குறுகிய கால ஆய்வுப் பணியில் இருந்துவிட்டுத்தான் பலர் உதவிப் பேராசிரியர் ஆகிறார்கள். அமெரிக்க முறையில் அதன்பின் ஆறு ஆண்டளவில் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீடு. பொதுச் சுகாதாரம், அகதிகள் மறுவாழ்வு, மனிதாபிமான அமைப்புகளின் மதிப்பீட்டுப் பிரிவு, புகலிடச் சட்ட அலுவலகங்கள் ஆகிய இடங்களிலும் இந்தப் பயிற்சிக்கு மதிப்புண்டு. களப்பணிச் செலவுக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளை போன்றவை எந்த நாட்டு மாணவருக்கும் உதவுகின்றன.

வெளியீட்டில் ஒரு இழுபறி உண்டு. மானுடவியல் துறை ஒருவர் தனியாக எழுதிய நூலைக் கேட்கும். சுகாதாரத் துறை பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் கேட்கும். இரண்டிலும் கால் வைப்பவர், தம்மைப் பணியில் அமர்த்தும் துறை எதை எண்ணுகிறது என்று முதல் வருடமே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் பதவி உயர்வுக்கான கணக்கு மெதுவான வேலைக்கு எதிரானது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாண்டு கழித்து அதே குடும்பங்களிடம் திரும்பிப் போகிறவருக்கு அதற்காகத் தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. அப்படிப் போகிறவர்களின் எழுத்துதான் இந்தத் துறையில் நிற்கிறது. முடிந்தால் அப்படிப்பட்டவராக இருங்கள், அதற்கு இடம்கொடுக்கும் துறையையும் நெறியாளரையும் தேடுங்கள்.

இப்போதுதான் பட்டம் முடித்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

மொழியிலிருந்து. எந்த மக்களிடம் போக ஆசையோ அவர்கள் மொழியை இந்த வருடமே தொடங்குங்கள். அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பில் ஆய்வு நோக்கம் எதுவும் இல்லாமல் வேலை செய்யுங்கள், அந்த நாட்களை ஒருபோதும் தரவாக ஆக்காதீர்கள். பிறகு நெறியாளர் மூவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: என்ன கேள்வி, ஏன் அந்த இடம், அந்த மொழியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். களத்தில் சிக்கல் வந்தபோது நெறியாளர் தொலைபேசியை எடுத்தாரா என்று கேளுங்கள்.